வாசலைத் தாண்டிய லாரி எங்கே போனது?

கேள்வி: மைசூரில் ஹூட்டகள்ளிப் பக்கம் வீடு கட்டிக் குடிவந்து சில வருடங்கள் ஆகின்றன. கூர்கள்ளி, பெலவாடி தொழிற்பேட்டைகள் பக்கத்தில்தான். சில இரவுகளில் ரசாயன நெடி வீசுகிறது. ஆளில்லாத சைட்டுகளில் கறுப்பாக ஏதோ கொட்டிக் கிடக்கிறது. கேட்டால் 'எல்லா அனுமதியும் இருக்கிறது' என்கிறார்கள். பேட்டை இன்னும் விரியப்போகிறது என்றும் பேச்சு. வாய் திறந்தால், நாலு பேர் பிழைப்பைக் கெடுப்பதாகச் சொல்கிறார்கள். எங்கள் குடியிருப்போர் சங்கம் என்னதான் கேட்க வேண்டும்?

- ஒரு வாசகி, மைசூரு

பதில்: நீங்கள் இருக்கும் பகுதிக்குப் பக்கத்தில் ஷ்யாதனஹள்ளி என்ற கிராமம் இருக்கிறது. 2017 ஏப்ரலில் அங்கே ஒரு வெற்று நிலத்தில் கால் வைத்த சிறுவன் ஒருவன் தீக்காயம் பட்டு இறந்துபோனான். மேலே தீ இல்லை. மண்ணுக்கு அடியில் கனன்றுகொண்டிருந்தது, புகை மட்டும் கசிந்தது. தொழிற்சாலைக் கழிவை அங்கே கொட்டி வந்ததுதான் காரணம் என்று அப்போது அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்டது. எண்ணெய்க் கசடு, பெயின்ட் கசடு, ரப்பர் தூள் போன்றவற்றைக் குவித்து மண் போட்டு மூடிவிட்டால், உள்ளே உண்டாகும் வெப்பத்துக்கு வெளியேற வழி கிடையாது. உமிமூட்டம் போலப் பல நாள் உள்ளுக்குள்ளேயே எரியும், மேல்மண் சாதாரணத் தரை போலத்தான் தெரியும். இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் பையன் எந்தத் தொழிற்சாலைக்குள்ளும் நுழையவில்லை. காம்பவுண்டு, காவலாளி, எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லாத திறந்த நிலத்தில் நடந்தான், அவ்வளவுதான். உங்கள் கேள்விக்கு நான் சொல்லப்போகும் பதில் முழுவதும் இதிலிருந்தே கிளம்புகிறது. குடியிருப்போர் பயந்து பார்ப்பது புகைபோக்கியை. ஆனால் அதிகம் பயப்பட வேண்டியது ஆலையின் வாசலைத் தாண்டி வெளியேறி, யாருடையது என்று சொல்ல ஆளில்லாமல் போன கழிவைப் பார்த்துத்தான். ஆகவே உங்கள் சங்கத்தின் முதல் கோரிக்கை 'ஆலையை மூடு' என்பதாக இருக்க வேண்டாம், 'கழிவுக்குக் கணக்குக் காட்டு' என்பதாக இருக்கட்டும்.

ஒரே ஒரு சம்பவத்தை வைத்துக்கொண்டு பேசுகிறேன் என்று தோன்றலாம். கொடைக்கானலைப் பாருங்கள். 1984-இல் தொடங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை அது, பிறகு இந்துஸ்தான் லீவர் வசம் இருந்தது. அதன் பாதரச விவகாரம் 2001-இல் வெளியே வந்தது எப்படி? ஊருக்குள் மூஞ்சிக்கல் பக்கத்துக் காயலான் கடையில், சாக்குச் சாக்காகப் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி கிடந்ததைக் கண்டுபிடித்ததால்தான். ஆலைக்குள் நடந்த எந்தச் சோதனையும் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதன்பின் ஆலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் அளவுக்குப் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்கா போனது. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்ற வழக்காடல் மட்டும் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் இழுத்தது. ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் கம்பெனி தொண்ணூறுகளிலேயே மூடிக்கொண்டது, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர். முதலாளி போய்விட்டார், தொழிலாளிகளும் போய்விட்டார்கள், குவியல் மட்டும் போகவில்லை. 'ஆலையை மூடிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது' என்று நினைக்கும் சங்கங்கள் ராணிப்பேட்டையை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கணக்கு எடுக்காமல் மூடினால், கேட்க வேண்டிய ஆளையும் நாமே வழியனுப்பி வைத்ததாக ஆகிவிடும்.

கழிவு ஏன் வழிமாறிப் போகிறது? பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது, காசுதான். சட்டப்படி போனால் கழிவின் வகைக்கு ஏற்ப எரியூட்ட வேண்டும், அல்லது அடியில் தடுப்பு விரித்த பாதுகாப்பான நிலநிரப்பில் புதைக்க வேண்டும். கர்நாடகத்தில் அப்படிப்பட்ட பொது வசதி பெங்களூருக்கு அப்பால் தாபஸ்பேட்டையில் இருக்கிறது. மைசூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். லாரி வாடகை ஒரு பக்கம், அங்கே கட்ட வேண்டிய கட்டணம் இன்னொரு பக்கம். இதைவிட மலிவாக, ராத்திரியில் வந்து 'நான் எடுத்துக்கிறேன், நீங்க எதுவும் கேக்காதீங்க' என்று சொல்கிற ஆள் கிடைத்தால் சின்னப் பட்டறைக்காரர் சபலப்படுவார். பெரிய ஆலைகள் எல்லாம் உத்தமம் என்று சொல்ல வரவில்லை. கசடு, எண்ணெய் ஒட்டிய துணி, காலி பேரல் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைக்கும் சிறிய யூனிட்டுகளைக் கண்காணிப்பது கடினம் என்பதைத்தான் சொல்கிறேன்.

இதைத் தடுக்கத்தான் அபாயகரக் கழிவுகளுக்கான 2016-ஆம் வருட விதிகளில் மேனிஃபெஸ்ட் என்ற ஏற்பாடு இருக்கிறது. கழிவு ஏற்றிய ஒவ்வொரு லாரியோடும் 10-ஆம் எண் படிவம் போக வேண்டும். அதற்கு ஏழு பிரதிகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். மஞ்சள் பிரதி அனுப்பியவரிடமும் ஆரஞ்சு லாரிக்காரரிடமும் இளஞ்சிவப்பு பெற்றுக்கொண்டவரிடமும் தங்கும். நீலப் பிரதி, 'சரக்கு வந்து சேர்ந்தது' என்ற கையெழுத்தோடு அனுப்பியவருக்கே திரும்பி வரும். சாம்பல் நிறம் வேறு மாநிலத்திலிருந்து வரும் சரக்குக்கு. உங்களுக்கு முக்கியம் மீதமுள்ள இரண்டு. வெள்ளைப் பிரதியை அனுப்புகிறவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுக்கிறார், பச்சைப் பிரதியைப் பெறுகிறவர் அதே வாரியத்துக்குக் கொடுக்கிறார். புறப்பட்டதற்கு வெள்ளை, சேர்ந்ததற்குப் பச்சை. இரண்டும் ஒரே அலுவலகத்துக்கு வந்து சேர்கின்றன. வெள்ளை இருந்து பச்சை இல்லையென்றால், அந்த லாரி நடுவில் எங்கோ இறங்கியிருக்கிறது. இதைவிடத் தெளிவான துப்பு வேறு என்ன வேண்டும்? கழிவை ஆலைக்குள் 90 நாளுக்கு மேல் வைத்திருக்கவும் பொதுவாக அனுமதி கிடையாது. ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 30-க்குள் 4-ஆம் படிவத்தில் வருடக் கணக்குக் கொடுக்க வேண்டும். மாநில வாரியம் மொத்தக் கணக்கைத் தொகுத்து செப்டம்பர் 30-க்குள் மத்திய வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். எல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டியவை. காகிதத்தில் இருப்பதைக் கேட்டு வாங்கத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

'எல்லா அனுமதியும் இருக்கிறது' என்ற பதிலுக்கு வருகிறேன். பெரும்பாலும் அது பொய்யாக இருக்காது, ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதிலும் ஆகாது. வாரியம் தரும் இசைவாணையும் கழிவுக்கான அங்கீகாரமும், இவ்வளவு உற்பத்தி செய்யலாம், இவ்வளவு கழிவு வரலாம், அதை இங்கே அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை போடும் தாள்கள். டிரைவிங் லைசென்ஸ் கையில் இருக்கிறது என்பதால் நேற்று சிக்னலில் நின்றார் என்று ஆகிவிடாது. 'சரி, மேனிஃபெஸ்டையே பொய்யாக எழுதினால்?' என்று நீங்கள் கேட்கலாம். எழுதலாம், எழுதவும் செய்வார்கள். ஆனால் கழிவு வானத்திலிருந்து விழுவதில்லை. உற்பத்தி எவ்வளவோ அதற்கேற்பக் கசடு வந்தே தீரும். உற்பத்தி இரண்டு மடங்காகி, நாலாம் படிவத்தில் கழிவு மட்டும் அதே எடையில் நின்றால், பொய் அங்கே தானாகவே பல்லைக் காட்டும். ஒரு தாளில் பொய் எழுதுவது சுலபம், மின்கட்டணம், மூலப்பொருள், உற்பத்தி, கழிவு என நாலு தாளிலும் பொருந்தும்படி எழுதுவது சுலபமில்லை. உச்ச நீதிமன்றம் 2003-இல் தந்த உத்தரவின் தொடர்ச்சியாக, இப்படிப்பட்ட ஆலைகள் தங்கள் வாசலில் கழிவின் அளவையும் தன்மையையும் பலகையில் எழுதிவைக்கவும் வேண்டும். சாயங்கால நடைக்குப் போகும்போது அந்தப் பலகையில் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், கடைசியாக எழுதிய தேதியைப் பாருங்கள்.

பிழைப்பைக் கெடுக்கிறீர்கள் என்ற குற்றச்சாட்டை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. கூர்கள்ளியிலும் மேட்டகள்ளியிலும் ஷிப்டுக்குப் போகிறவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், அவர்களுடைய பயம் நியாயமானது. ஆனால் கணக்குக் கேட்பதால் எந்த வேலையும் போவதில்லை. சொல்லப்போனால், கசடை முதலில் கையால் அள்ளுகிறவர் அந்தத் தொழிலாளிதான். கொடைக்கானலில் உடல்நலக் கேட்டுக்காக வழக்காடியவர்கள் முன்னாள் தொழிலாளர்கள். 2016-இல் 591 பேருக்கும் குடும்பங்களுக்கும் கம்பெனி சமரசத் தொகை கொடுத்தது. ஆக, குடியிருப்போர் ஒரு கட்சி, தொழிலாளர் எதிர்க்கட்சி என்று யாராவது கோடு கிழித்தால், அந்தக் கோட்டால் லாபம் யாருக்கு என்று பார்க்க வேண்டும். ஒழுங்காகச் செலவு செய்து தாபஸ்பேட்டைக்கு லாரி அனுப்பும் முதலாளிக்கும் இந்தக் கணக்கு சாதகம்தான். பக்கத்துப் பட்டறைக்காரர் சும்மா கொட்டிவிட்டு அவரைவிடக் குறைந்த விலைக்கு ஆர்டர் பிடிப்பதை அவர் எத்தனை நாள் பொறுத்துக்கொள்வார்?

'ஆலை முதலில் வந்தது, வீடு பிறகு வந்தது, தெரிந்துதானே வாங்கினீர்கள்' என்பது இன்னொரு வாதம். சத்தத்துக்கும் போக்குவரத்துக்கும் இந்த வாதம் ஓரளவு பொருந்தும். தொழிற்பேட்டை ஓரத்தில் மனை வாங்கியவர், ஆறு மணி சைரனைப் பற்றிப் புகார் சொன்னால் நானும் சிரிப்பேன். ஆனால் அபாயகரக் கழிவை மற்றவர் நிலத்தில் கொட்டக் கூடாது என்ற கடமைக்கு முதலில் வந்தவர், பிறகு வந்தவர் என்ற கணக்கு கிடையாது. முறைகேடாகக் கையாண்டதால் சுற்றுச்சூழலுக்கோ மூன்றாம் நபருக்கோ வரும் சேதத்துக்கு, கழிவை உண்டாக்கியவரும் அதை அகற்றும் வசதியை நடத்துகிறவரும் பொறுப்பு என்று 2016 விதிகள் சொல்கின்றன. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996-இல், நம் பாலாற்றுத் தோல் ஆலைகள் பற்றிய வேலூர் வழக்கிலேயே இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொல்லிவிட்டது.

விரிவாக்கம் பற்றிச் சுருக்கமாக. 2006-ஆம் வருடச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் ஒரு விலக்கு இருக்கிறது. பேட்டைக்கே மொத்தமாக அனுமதி வாங்கியிருந்தால், உள்ளே வரும் ஆலைகளுக்குத் தனித்தனியாக மக்கள் கருத்துக்கேட்பு வேண்டியதில்லை. அதனால் ஒரு குறிப்பிட்ட ஆலை வந்த பிறகு கூட்டம் போட்டால் காலம் கடந்துவிட்டிருக்கும், பேசுவதானால் பேட்டை நிலையிலேயே பேச வேண்டும். ரத்னஹள்ளியில் இருக்கும் அணுசக்தித் துறை ஆலையையும் சிலர் இதோடு முடிச்சுப் போடுவதுண்டு. கதிரியக்கக் கழிவு இந்த விதிகளுக்குள் வராது, மாநில வாரியத்துக்கும் அதில் வேலை இல்லை. இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால், இரண்டுக்குமே 'எங்கள் எல்லைக்குள் வராது' என்ற ஒரே பதில்தான் கிடைக்கும்.

இனி அந்தக் கறுப்புக் குவியல். அமெரிக்காவில் நயாகரா அருகே லவ் கால்வாயில் ஒரு ரசாயனக் கம்பெனி கழிவைப் புதைத்து மூடி, அந்த நிலத்தை 1953-இல் ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி நிர்வாகத்துக்கு விற்றது. மேலே பள்ளிக்கூடமும் சுற்றிலும் வீடுகளும் எழும்பின. 1978-இல் அங்கே நெருக்கடி நிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. புதைத்த நிலம் கைமாறும்போது அதன் பழைய கணக்கும் சேர்ந்து கைமாறாவிட்டால் இதுதான் கதி. நம் நாட்டில் இதற்கென்று தனி விதி இருக்கவில்லை. 2025 ஜூலையில்தான் மாசடைந்த இடங்களைக் கையாளும் விதிகள் அறிவிக்கப்பட்டன. அதன்படி சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ பட்டியலிட வேண்டும், வாரியம் 90 நாளுக்குள் முதல்கட்ட ஆய்வு செய்ய வேண்டும், மாசு உறுதியானால் காரணமானவரிடமிருந்து சுத்திகரிப்புச் செலவை வாங்க வேண்டும். இந்த விதி எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் சிறைத்தண்டனையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்று 2024 ஏப்ரலிலிருந்து மாற்றிவிட்டார்கள். பல லாரிக் கசடுக்கான எரியூட்டும் செலவோடு ஒப்பிட்டால், சில கம்பெனிகளுக்கு இது தொழில் செலவில் ஒரு வரிதான். இருந்தாலும் பட்டியலில் ஒருமுறை ஏறிவிட்ட சர்வே எண்ணை நைசாக லே-அவுட் போட்டு விற்பது சுலபமில்லை. அதற்காகவாவது ஏற்ற வேண்டும்.

ஆகவே, குவியலைக் கிளறிப் பார்க்காதீர்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். தள்ளி நின்று, பக்கத்துக் கட்டடமோ மின்கம்பமோ தெரியும்படி, தேதியோடு படம் எடுங்கள். சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு மாவட்ட ஆட்சியருக்கும் வாரியத்தின் மண்டல அலுவலகத்துக்கும் ஒரே கடிதத்தின் இரண்டு பிரதிகள் கொடுத்து, இரண்டிலும் சீல் போட்ட ஒப்புகை வாங்குங்கள். மேனிஃபெஸ்ட் பற்றிய தகவல் மனுவைத் தனியாகப் போடுங்கள். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதலாம், கட்டணம் பத்து ரூபாய். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரு விஷயம்தான், அதுவும் 150 வார்த்தைக்குள் அடங்க வேண்டும். அதனால் கதை எழுதாதீர்கள். தொழிற்பேட்டையின் பெயர், நிதியாண்டு, வெள்ளைப் பிரதிகள் எத்தனை, பச்சைப் பிரதிகள் எத்தனை என்று மட்டும் கேளுங்கள். வியாபார ரகசியம் என்று மறுத்தால், பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்று அதே சட்டத்தில் இருப்பதைக் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள். பதிலில் எண்கள் பொருந்தாமல் வந்தால், சென்னையில் இருக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுதான் கர்நாடகத்துக்கும். காரணம் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அங்கே போக வேண்டும், எனவே ஒப்புகைச் சீட்டில் இருக்கும் தேதியைத் தொலைத்துவிடாதீர்கள்.