மூளைத் தமனிகளின் பிறவி வேறுபாடுகள்: எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் புரிந்துகொள்வோம்

ஆலத்தூர் நாடு போன்ற கொல்லிமலை ஊர்களிலிருந்து மலையிறங்கி வந்து எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்வோர், அறிக்கையில் ‘ஹைப்போபிளாசியா’, ‘ஃபீட்டல் பி.சி.ஏ.’ போன்ற சொற்களைக் கண்டு கலங்குவதுண்டு. பெரும்பாலும் இவை நோயின் பெயர்கள் அல்ல. பிறவியிலேயே அமைந்த தமனி வேறுபாடுகளைக் குறிப்பவை.

கழுத்தின் முன்புறம் இரண்டும் பின்புறம் இரண்டுமாக நான்கு தமனிகள் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்கின்றன. மூளையின் அடியில் இவற்றின் கிளைகள் ஒரு வளையமாக இணைகின்றன. ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664இல் வெளியிட்ட நூலில் விளக்கியதால், இது ‘வில்லிஸ் வளையம்’ எனப்படுகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட காரவள்ளிச் சாலை தடைப்பட்டால், முள்ளுக்குறிச்சி வழியே சுற்றிச் செல்கிறோம். அதுபோல ஒரு தமனி அடைபட்டால், மற்றொன்றின் இரத்தம் இவ்வளையத்தின் வழியே வந்து உதவக்கூடும்.

நூல்களில் வரையப்படும் முழுமையான வளையம் எல்லோருக்கும் அமைவதில்லை. பலருக்கு ஓர் இணைப்புக் குழாய் மெலிந்தோ இல்லாமலோ இருக்கும்; மெலிந்திருப்பதே ‘ஹைப்போபிளாசியா’. சிலருக்கு, கருவில் இருந்தவாறே, மூளையின் பின்பகுதித் தமனி முன்கழுத்துத் தமனியிலிருந்தே இரத்தம் பெறும். அதுவே ‘ஃபீட்டல் பி.சி.ஏ.’.

இவற்றைக் காட்டும் எம்.ஆர். ஆஞ்சியோகிராமில் எக்ஸ்-ரே கதிர்வீச்சு இல்லை. மூளைத் தமனிகளைப் பெரும்பாலும் ஊசி மருந்தின்றியே காணலாம். ஓடும் இரத்தம் படத்தில் வெண்மையாகத் தெரியும். ஓட்டம் மெதுவாக உள்ள மெல்லிய குழாய் தெரியாமலும் போகலாம். ஆதலால் ‘தெரியவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று கொள்ளலாகாது. தேவையெனில் மருத்துவர் சி.டி. ஆஞ்சியோகிராம் பரிந்துரைப்பார்.

‘அனூரிசம்’ என்பது தமனிச் சுவரின் புடைப்பு. ‘ஸ்டெனோசிஸ்’ என்பது தமனியின் சுருக்கம். இவை வேறு வகை. இச்சொற்கள் இருந்தால் தாமதியாமல் மருத்துவரிடம் ஆலோசனை பெறுங்கள்.

நினைவிற்கொள்ள வேண்டியவை:

1. பேஸ்மேக்கர், மூளைத் தமனிக் கிளிப், காதினுள் பொருத்திய கருவி ஆகியவை இருந்தால், ஸ்கேன் அறைக்குள் நுழையுமுன் ஊழியரிடம் தெரிவியுங்கள்.

2. அறிக்கையையும் படங்களையும் பாதுகாத்து வையுங்கள். பின்னாளில் கழுத்துத் தமனியில் சிகிச்சை தேவைப்பட்டால், வளையத்தின் அமைப்பை அறிவது மருத்துவருக்கு மிகவும் உதவும்.

3. முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை திடீரெனத் தோன்றினால், பழைய அறிக்கையில் ‘இயல்பு’ என்றிருப்பதை எண்ணிக் காத்திராதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். மலையிறங்கும் நேரமும் அதனுள் அடங்கும்.