பழைய ஆக்சஸ் கோப்பை மாற்றும்போது…

கடைக் கணக்கும் சங்க உறுப்பினர் பட்டியலும் இன்னும் ஆக்சஸ் 97-இல்தான் ஓடுகிறதா? முதலில் அந்த எம்டிபி கோப்பைப் பென் டிரைவில் நகலெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். மாற்றும் வேலையெல்லாம் இன்னொரு நகலில்தான்.

ஆக்சஸ் 2013-உம் அதற்குப் பின் வந்தவையும் 97 கோப்பைத் திறக்காது. 2003, 2007, 2010 இவற்றில் ஏதாவது ஒன்று உள்ள கணினியைத் தேடிப்பிடித்து, 2002-2003 வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் புதியது ஏற்றுக்கொள்ளும். பிறகு புதிய வடிவமான ஏசிசிடிபி-யாகச் சேமிக்கலாம். ஆளுக்கொரு அனுமதி, கடவுச்சொல் என்று வைத்திருந்தால் அந்த ஏற்பாடு ஏசிசிடிபி-யில் கிடையாது.

உண்மையான தலைவலி தமிழ்ப் பெயர்கள். பாமினி எழுத்துருவில் அடித்தவை, பதிப்பு மாறியதாலேயே யூனிகோடு ஆகிவிடாது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடக்கும். மெய்யெழுத்தின் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி நிற்கும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் தமிழ் உள்ள நெடுவரிசையை மட்டும் கொடுங்கள். மொத்தமாகக் கொடுத்தால் ஆங்கில முகவரிகளும் தமிழாகிக் குழம்பும்!

கோப்பில் உள்ள பழைய நிரல்வரிகள் 64 பிட் ஆஃபீஸில் முரண்டு பிடித்தால், திருத்த ஆள் கிடைக்கும்வரை 32 பிட் ஆஃபீஸையே நிறுவிக்கொள்ளுங்கள்.