கருப்பட்டியும் சர்க்கரைதான்

நெடுஞ்சாலை ஓரங்களில் இன்று கருப்பட்டிக் காபிக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. இனிப்புக் கடைகளில் நாட்டுச் சர்க்கரை மைசூர்பாகும் பனைவெல்ல லட்டும் தனி அலமாரியில் தனி விலையில் இருக்கின்றன. “வெள்ளைச் சர்க்கரையை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, எங்க வீட்டில் கருப்பட்டிதான்” என்று நிம்மதியோடு சொல்லும் குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. உடம்பைப் பற்றிய அக்கறையிலிருந்துதான் இந்த மாற்றம் வருகிறது. அந்த அக்கறை மதிக்க வேண்டியது. ஆனால் நிறத்தை மாற்றியவர்கள் அளவைக் குறைக்கவில்லை. இனிப்பால் வரும் கெடுதல் பெரும்பாலும் அளவில்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர் நீரிழிவுக்காரர். இப்படியொரு மாநிலத்தில், பொய்யான நிம்மதிக்கு நாம் கொடுக்கும் விலை அதிகம்.

நம்பிக்கை: வெள்ளைச் சர்க்கரைதான் விஷம், கருப்பட்டி, வெல்லம், தேன் ஒன்றும் செய்யாது.

கருப்பட்டி எப்படி உண்டாகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பனையேறி பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய பதநீரை வடிகட்டி, அகன்ற பாத்திரத்தில் மணிக்கணக்கில் காய்ச்சி, பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். இத்தனை உழைப்பிலும் பதநீரிலிருந்து வெளியேறுவது முக்கியமாகத் தண்ணீர்தான். அதிலிருந்த இனிப்பு அப்படியே கெட்டிப்படுகிறது. அந்த இனிப்பின் பெரும்பகுதி சுக்ரோஸ். கரும்புச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் இருப்பது அதே சுக்ரோஸ். ஆலையில் சாற்றைத் தெளியவைத்து, பாகைப் பிரித்து, படிகத்தை மட்டும் எடுத்தால் அது சீனி. சிறுகுடலுக்குள் போனதும் சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைகிறது. அது பனையிலிருந்து வந்ததா கரும்பிலிருந்து வந்ததா என்று குடலுக்குத் தெரியாது. தேனில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் பெரும்பாலும் பிரிந்த நிலையிலேயே இருக்கின்றன. 100 கிராம் சீனியில் சுமார் 400 கலோரி, வெல்லத்தில் 350 முதல் 380, தேனில் 300 சொச்சம். தேனில் குறைவதற்குக் காரணம், அதில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் இருப்பதுதான். மேலும், சீனியைவிட வெல்லத்தின் இனிப்பு சற்று மட்டு. பழகிய நாக்கு திருப்தி அடைய ஒரு கரண்டி கூடுதலாகப் போடுகிறோம். வித்தியாசமாக இருந்த அந்தச் சில கலோரிகளும் அங்கேயே போய்விடுகின்றன.

நம்பிக்கை: கருப்பட்டியில் இரும்புச்சத்து இருக்கிறது, அதனால் அது சத்துணவு.

இருக்கிறது என்பது உண்மை. எவ்வளவு என்பதுதான் கேள்வி. காய்ச்சும் பாத்திரத்தையும் மண்ணையும் பொறுத்து இந்த அளவு மாறும். தாராளமாகவே, 100 கிராமில் 10 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டம்ளர் காபியில் 10 கிராம் போட்டால் கிடைப்பது 1 மில்லிகிராம். இந்தியப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 29 மில்லிகிராம். அதைக் கருப்பட்டியிலிருந்தே பெற வேண்டுமானால் கிட்டத்தட்ட 300 கிராம் சாப்பிட வேண்டும். அதிலேயே ஆயிரத்துக்கு மேல் கலோரி சேர்ந்துவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காபியிலும் தேநீரிலும் உள்ள துவர்ப்புப் பொருட்கள் இரும்பை உடல் ஏற்றுக்கொள்ள விடாமல் தடுப்பவை. இருக்கிற கொஞ்சம் இரும்பையும் அதைத் தடுக்கும் பானத்திலேயே கலந்து குடிக்கிறோம். ரத்தசோகை நம் பெண்களிடையே பெரிய பிரச்சினை என்பதால்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கம்பு, கீரை, பயறு, எள், மீன், முட்டை, ஈரல் ஆகியவை இரும்புக்கான வழிகள். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அந்த இரும்பு நன்றாக உடலில் சேரும். மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்தால் அதைச் சாப்பிட வேண்டும். கருப்பட்டியை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

நம்பிக்கை: வெல்லம் மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறும், சர்க்கரை நோயாளியும் சாப்பிடலாம்.

இதற்கு ஆதாரமாகக் ‘கிளைசெமிக் இண்டெக்ஸ்’ எண்ணைக் காட்டுகிறார்கள். ஓர் உணவு எவ்வளவு வேகமாக ரத்தச் சர்க்கரையை உயர்த்துகிறது என்பதைக் குளுக்கோஸை 100 என்று வைத்து அளக்கும் முறை அது. அந்தக் கணக்கில் சாதாரணச் சீனியே ஏறத்தாழ 65-இல்தான் நிற்கிறது. வெள்ளை அரிசிச் சோற்றின் பல வகைகள் 70-ஐத் தாண்டுகின்றன. இந்த எண்ணை மட்டும் நம்பினால், சோற்றுக்குப் பதில் சீனி சாப்பிடலாம் என்ற முடிவுக்கு வர வேண்டியிருக்கும். அதை யாரும் ஏற்க மாட்டார்கள். ஏனென்றால் வேகம் பாதிக் கணக்கு. எவ்வளவு சாப்பிட்டோம் என்பதும், அதோடு நார்ச்சத்தும் புரதமும் சேர்ந்ததா என்பதும் மீதிக் கணக்கு. நீரிழிவு உள்ளவருக்கு ஒரு கருப்பட்டி அதிரசம் இனிப்புப் பலகாரம்தான். எப்போதாவது, அளவறிந்து, அன்றைய மாவுச்சத்துக் கணக்கில் சேர்த்துச் சாப்பிட வேண்டியது அது. கணக்கில் வராத பண்டமாக நினைத்தால் மறுநாள் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும்.

நம்பிக்கை: சீனியில் ரசாயனம், வெல்லம் இயற்கை.

சீனியை வெளுக்கப் பல ஆலைகளில் கந்தகப் புகையைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. மிச்சமிருக்கும் கந்தக டை ஆக்சைடுக்கு உணவுப் பாதுகாப்பு விதிகளில் உச்ச அளவு உண்டு. ஆனால் வாடிக்கையாளர் பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தைக் கேட்டதால், வெல்ல ஆலைகளிலும் ‘ஹைட்ரோஸ்’ என்ற ரசாயனத்தைப் போட்டு வெளுக்கும் பழக்கம் புகுந்தது. சேலம் பக்கத்து வெல்ல ஆலைகளில், பாகில் கலப்பதற்காக வைத்திருந்த வெள்ளைச் சர்க்கரை மூட்டைகளை உணவுப் பாதுகாப்புத் துறையினர் பல முறை பறிமுதல் செய்திருக்கிறார்கள். சீனிக்குத் தப்பி அதிக விலை கொடுத்தவர் வீட்டுக்குச் சீனியே வெல்ல உருண்டையாக வந்து சேர்கிறது. இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடாது என்பதற்குத் தேன் இன்னொரு சான்று. அதில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்துகள் ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கடுமையான நோயைத் தரக்கூடும். பச்சைக் குழந்தையின் நாக்கில் தேன் தடவக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் வற்புறுத்துவது அதனால்தான்.

“நம் முன்னோர்கள் கருப்பட்டி சாப்பிட்டு நன்றாகத்தானே இருந்தார்கள்?” என்ற கேள்வி நியாயமானது. அவர்கள் வீட்டில் பணியாரமும் அதிரசமும் பண்டிகைக்கும் விசேஷத்துக்கும்தான் வந்தன. தினமும் நாலு வேளை இனிப்புப் பானம் வரவில்லை. ஏரும் ஏற்றமும் உலக்கையும் அந்தக் கலோரிகளைச் செலவழித்தன. நீரிழிவு அன்றும் இருந்தது. மதுமேகத்தைப் பற்றிச் சித்த மருத்துவ நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. முன்னோரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கருப்பட்டியை மட்டுமல்ல, அவர்கள் இனிப்புக்குக் கொடுத்த இடைவெளியையும் உடலுக்குக் கொடுத்த வேலையையும்தான்.

இதையெல்லாம் சொல்வது கருப்பட்டியை ஒதுக்குவதற்காக அல்ல. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிறது. அந்த மணமும் ருசியும் சீனிக்கு வராது. உயிரைப் பணயம் வைத்து மரமேறும் தொழிலாளிக்கு நியாயமான விலை போய்ச் சேர வேண்டும். ருசிக்காகவும் அவர் உழைப்புக்காகவும் வாங்குவது நல்ல காரணம். மருந்து என்று நினைத்து வாங்குவதுதான் தவறான காரணம்.

உலக சுகாதார அமைப்பு 2015-இல் தந்த பரிந்துரை, நாம் சேர்க்கும் சர்க்கரையையும் தேன், பழச்சாறு ஆகியவற்றிலுள்ள சர்க்கரையையும் ஒரே கணக்கில்தான் வைக்கிறது. ஒரு நாள் உணவின் மொத்த கலோரியில் அது 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. சராசரி மனிதருக்கு அது 25 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி. இரண்டு கரண்டி போட்ட காபி மூன்று வேளை குடித்தாலே அந்த எல்லை கடந்துவிடும், போட்டது சீனியானாலும் கருப்பட்டியானாலும். ஆகவே டப்பாவில் இருப்பதை மாற்றுவதற்கு முன் கரண்டியைக் குறையுங்கள். இரண்டை ஒன்றரை ஆக்குங்கள், சில வாரம் கழித்து ஒன்றாக்குங்கள், நாக்கு பழகிக்கொள்ளும். அதன் பிறகு அந்த ஒரு கரண்டி கருப்பட்டியாக இருக்கட்டும்.