தாய்ப்பலகையும் உள்ளிணைப்புகளும்

நுழையும்முன்

கணினி வாங்குவோர் செயலியின் வேகத்தை வினவுவர். நினைவகத்தின் அளவை வினவுவர். திரையின் அகலத்தையும் வினவுவர். இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் தாய்ப்பலகையைப் பற்றி வினவுவோர் சிலரே. அப்பலகையின் ஓரத்தில் நிற்கும் சில முட்களை எண்ணிப் பார்ப்போர் அவரினும் சிலர். உறுப்புகளைத் தேர்ந்து வாங்கிக் கணினியைப் பூட்டும்போது அம்முட்களை ஏன் முன்னரே எண்ண வேண்டும் என்பதை, ஒரு பள்ளியில் நிகழ்ந்ததைக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர் நால்வர் மேல்நிலை வகுப்பில் பயின்றனர். பாடங்களை வாய்விட்டுப் படித்து ஒலிப்பதிவு செய்து, அவர்தம் பென்டிரைவில் இட்டுத் தருவது எங்கள் வழக்கம். அதற்கெனத் தனிக் கணினி ஒன்று வாங்குவதற்குப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் பணம் திரட்டித் தந்தனர். தொகை பெரிதன்று. எனவே, உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிப் பூட்டிக்கொள்வதென முடிவு செய்து சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்றோம். செயலியைத் தேர்வதற்கு அரைநாள் செலவிட்டோம். நினைவகத்திற்கு நான்கு கடைகளில் விலை கேட்டோம். தாய்ப்பலகையை ஐந்தே நிமிடத்தில் வாங்கினோம். மேசை சிறியது என்பதால் சிறிய பெட்டியும் சிறிய பலகையும் போதுமெனக் கருதினோம்; செயலி அதில் பொருந்தும் எனக் கடைக்காரர் கூறியது எங்களுக்கு நிறைவாக இருந்தது.

பூட்டி முடித்த அன்றே கணினி இயங்கிற்று. மறுநாள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் வந்தார். பெட்டியின் முகப்பை விரல்களால் தடவிச் செருகுவாயைக் கண்டறிந்து, பென்டிரைவைச் செருகினார். திரைவாசிப்பு மென்பொருள் ஒன்றும் சொல்லவில்லை. எடுத்து மீண்டும் செருகினார், அப்போதும் சொல்லவில்லை. “நான்தான் தப்பாச் செருகுறேனா ஐயா?” என்று கேட்டார். அவர் சரியாகவே செருகியிருந்தார். அந்தச் செருகுவாயிலிருந்து புறப்பட்ட கம்பிதான் பெட்டிக்குள் எதனோடும் இணைக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளிணைப்பு என்பது யாது?

கணினிப் பெட்டியின் பின்புறத்தில் நாம் காணும் யூஎஸ்பி செருகுவாய்கள் தாய்ப்பலகையோடு ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டவை. முகப்பில் உள்ளவை அத்தகையன அல்ல. அவை பெட்டியைச் சேர்ந்தவை. அவற்றிலிருந்து நீளும் கம்பியைத் தாய்ப்பலகையில் நிற்கும் முட்களின் மீது பொருத்தினால்தான் அவற்றுக்கு உயிர் வரும். இம்முட்கூட்டத்தைக் கடைகளில் ‘ஹெடர்’ என்பர். இப்பாடத்தில் இதனை உள்ளிணைப்பு எனக் குறிப்போம்.

யூஎஸ்பி 2.0 உள்ளிணைப்பில் வரிசைக்கு ஐந்தாக இரு வரிசைகள் உண்டு. ஒரு மூலையில் மட்டும் முள் இராது. ஆக, மொத்தம் ஒன்பது முட்கள். கம்பியைத் தலைகீழாகப் பொருத்திவிடாமல் காப்பதற்காகவே அந்த ஓரிடம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. ஒவ்வொரு வரிசையும் ஒரு செருகுவாய்க்கு உரியது. முதல் முள் 5 வோல்ட் மின்சாரம் தரும், அடுத்த இரண்டும் தரவைக் கொண்டு செல்லும், நான்காவது புவியிணைப்பு. எஞ்சிய ஒன்பதாவது முள் தரவுக்கும் மின்சாரத்திற்கும் பயன்படுவதில்லை. ஆகவே ஓர் உள்ளிணைப்பு இரண்டு செருகுவாய்களுக்குப் போதுமானது. இவ்வுண்மை பின்னர் நமக்குக் கைகொடுக்கும்.

யூஎஸ்பி 3.0 உள்ளிணைப்பு இதனினும் பெரியது. அதில் பத்தொன்பது முட்கள் உள்ளன. அதுவும் இரண்டு செருகுவாய்களுக்கு உரியதே. அண்மைக்காலப் பலகைகளில் முகப்பின் டைப்-சி செருகுவாய்க்கெனச் சிறு பெட்டி வடிவில் மற்றோர் உள்ளிணைப்பும் காணப்படுகிறது. அது ஒரே ஒரு செருகுவாய்க்கு மட்டும் உரியது. பெட்டியின் முகப்பில் டைப்-சி செருகுவாய் இருந்து, பலகையில் அதற்குரிய உள்ளிணைப்பு இல்லையெனில், அது எங்கள் மாணவர் தடவிக் கண்ட செருகுவாயைப் போலவே வெறும் துளையாக நின்றுவிடும்.

தெரியுமா?

யூஎஸ்பி முறையை உருவாக்கிய இன்டெல் நிறுவனக் குழுவில் முதன்மைப் பங்காற்றியவர் இந்தியாவில் பிறந்த அஜய் பட். இவர் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். யூஎஸ்பியின் முதற்பதிப்பு 1996ஆம் ஆண்டு வெளிவந்தது. 2000இல் வந்த 2.0 பதிப்பு நொடிக்கு 480 மெகாபிட் வேகமும், 2008இல் வந்த 3.0 பதிப்பு நொடிக்கு 5 கிகாபிட் வேகமும் உடையவை.

எண்ணிக்கையில் ஒரு மயக்கம்

தாய்ப்பலகையின் அட்டைப்பெட்டியில் ‘யூஎஸ்பி 2.0 – ஆறு’ என அச்சிடப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அதன்கீழ்ச் சிறிய எழுத்தில் ‘பின்புறம் நான்கு, உள்ளிணைப்பு வழியாக இரண்டு’ என்றிருக்கும். படிப்பவர் உள்ளே இரண்டு உள்ளிணைப்புகள் உள்ளன என எண்ணுவார். அவ்வாறன்று. ஓர் உள்ளிணைப்பில் இரண்டு செருகுவாய்கள் அடங்கும் என மேலே கண்டோம். எனவே, இரண்டு என்னும் எண் உணர்த்துவது ஒரே ஓர் உள்ளிணைப்பையே. நான்கு என்றிருந்தால் உள்ளிணைப்புகள் இரண்டு. நாங்கள் வழுக்கி விழுந்த இடம் இதுவே. அச்சிட்டவர் பொய் உரைக்கவில்லை. அவர் செருகுவாய்களை எண்ணினார். நாங்கள் அவற்றை உள்ளிணைப்புகளாகக் கொண்டோம்.

இம்மயக்கத்தைத் தவிர்ப்பதற்கு எளிய வழி, பலகையை உருவாக்கிய நிறுவனம் வெளியிடும் கையேட்டில் உள்ள பலகைப் படத்தைப் பார்ப்பதாகும். நிறுவனத்திற்கேற்ப ‘எஃப்_யூஎஸ்பி’, ‘ஜேயூஎஸ்பி’ என்றாற்போலப் பெயர்கள் மாறும். எனினும் ஒன்பது முள்ளின் உருவம் மாறாது. படத்தில் அவ்வுருவம் எத்தனை இடத்தில் வருகிறதோ அத்தனை உள்ளிணைப்புகளே பலகையில் உண்டு. கையேட்டைப் பணம் கொடுக்கும் முன்னரே இணையத்தில் இறக்கிப் பார்க்கலாம் என்பதை நாங்கள் அன்று அறிந்திருக்கவில்லை.

சிறு பலகையில் உள்ளிணைப்புகள் குறைவாக இருப்பதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது இடநெருக்கடி. ஏடிஎக்ஸ் பலகை 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் உடையது. மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகை இருபுறமும் 244 மில்லிமீட்டர் வரை அமையும். நாங்கள் வாங்கிய மினி ஐடிஎக்ஸ் பலகையோ இருபுறமும் 170 மில்லிமீட்டர் மட்டுமே. மற்றொரு காரணம் சிப்செட் எனப்படும் சில்லுத் தொகுதி. அது தரும் யூஎஸ்பி வழிகளுக்கு எல்லை உண்டு. சான்றாக, இன்டெல்லின் எச்610 சிப்செட் பத்து வழிகளைத் தரும்; இசட்690 பதினான்கு தரும். பின்புறச் செருகுவாய்கள், உள்ளிணைப்புகள் ஆகிய அனைத்தும் இவற்றையே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். யூஎஸ்பி 3.0 செருகுவாயும் பழைய கருவிகளை ஏற்கும்பொருட்டுத் தன்னுள் ஒரு 2.0 வழியைக் கொண்டிருப்பதால், அதுவும் இக்கணக்கில் அடங்கும்.

எவையெவை இடம் கேட்கும்?

முகப்புச் செருகுவாய்களுக்கு மட்டுமே உள்ளிணைப்பு தேவை என எண்ணுவது பிழை. பெட்டிக்குள் பொருத்தப்படும் கார்டு ரீடர் ஒன்று கேட்கும். நீர்வழிக் குளிர்விப்பான்கள் பலவும் தம் வேகத்தைக் கணினிக்கு அறிவிப்பதற்கு ஒன்று கேட்கும். வண்ணவிளக்குகளைக் கட்டுப்படுத்தும் கருவிக்கும் ஒன்று வேண்டும். (விளக்குகளின்றியும் கணினி இயங்கும் என்பது என் கருத்து, மாணவர் பலர் இதற்கு உடன்படுவதில்லை.) உயர்விலை மின்வழங்கிகள் சிலவும் தம் நிலையைத் தெரிவிக்கக் கம்பியொன்றை நீட்டும்.

இவற்றினும் எளிதில் மறக்கப்படுவது புளூடூத். வைஃபையும் புளூடூத்தும் ஒருங்கே தரும் அட்டையை வாங்கிப் பலகையின் நீள்செருகியில் பொருத்துகிறோம். வைஃபை இயங்குகிறது, புளூடூத் இயங்கவில்லை. அட்டை பழுதென்று கருதிக் கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்வோர் உண்டு. உண்மையில், இத்தகைய அட்டைகளில் வைஃபை மட்டுமே நீள்செருகி வழியே இயங்கும். புளூடூத்துக்கு அட்டையிலிருந்து சிறு கம்பியொன்று தனியே யூஎஸ்பி 2.0 உள்ளிணைப்புக்குச் செல்ல வேண்டும். தாய்ப்பலகையிலேயே வைஃபை அமைந்த வகையை வாங்கினால் இக்கம்பி தேவையில்லை. அவ்வழி பலகைக்குள்ளேயே அமைந்துவிடும். உள்ளிணைப்பு குறைவான பலகையை வாங்க நேர்ந்தால் இது கருதத்தக்கது.

எங்கள் கணினியில் முகப்புச் செருகுவாய்கள், கார்டு ரீடர், கம்பியில்லாத் தலைபேசிக்கான புளூடூத் எனக் கம்பிகள் மூன்று இருந்தன. பலகையில் இருந்ததோ ஒன்பது முள் உள்ளிணைப்பு ஒன்று. பூட்டித் தந்த இளைஞர் ஒலிப்பதிவுக் கருவியின் அட்டையைப் படிக்கும் கார்டு ரீடருக்கே அதனை அளித்தார். நாங்கள் வலியுறுத்திக் கேட்டது அதைத்தான். ஏனைய இரண்டையும் அவர் கட்டி ஒதுக்கிவைத்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

குறை நேர்ந்தபின்

செயலியையோ நினைவகத்தையோ பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம். தாய்ப்பலகையை மாற்ற வேண்டுமெனில் கணினி முழுவதையும் பிரிக்க வேண்டும். கழகத்தாரிடம் மீண்டும் பணம் கேட்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மூன்று வாரம் நானே மேசைக்கு அடியில் குனிந்து, சுவரை ஒட்டி நின்ற பெட்டியின் பின்புறத்தில் மாணவர்களின் பென்டிரைவைச் செருகித் தந்தேன். தாமே செய்துகொள்ளக் கூடிய ஒன்றிற்கு ஆசிரியரை எதிர்பார்த்து நிற்பதை அவர்கள் விரும்பவில்லை. அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை, வருகை குறைந்தது.

பின்னர்ப் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தார். “பத்தொம்போது பின் ஹெடர் சும்மாதானே சார் கெடக்கு?” என்றார். பெட்டியின் முகப்பில் 2.0 செருகுவாய்களே இருந்தமையால் பலகையின் 3.0 உள்ளிணைப்பு பயனின்றி நின்றது. அதனுள் 2.0 வழிகள் இரண்டும் அடங்கியிருப்பதால், பத்தொன்பது முள்ளை ஒன்பது முள்ளாக மாற்றித் தரும் சிறு இணைப்பியைப் பொருத்தியதும் முகப்பு இயங்கிற்று. இதனைத் தலைகீழாகச் செய்வோரும் உளர். 3.0 முகப்பை 2.0 உள்ளிணைப்பில் மாட்டினால் இயங்கும். ஆனால் வேகம் 2.0 அளவே இருக்கும்.

புளூடூத்துக்கும் வழி கிடைத்தது. கார்டு ரீடர் ஒன்பது முள்ளையும் மூடிக்கொண்டிருந்தாலும் ஒரு வரிசையை மட்டுமே பயன்படுத்திற்று. இரு வரிசைகளையும் பிரித்து இரு கருவிகளுக்கு அளிக்கும் கம்பியை அவர் பொருத்தினார். இத்தகைய கம்பியை வாங்கும்போது விழிப்பு வேண்டும். ஒரே வரிசையை இரு கருவிகளுக்கும் பொதுவாக்கும் கம்பி பயன்படாது; ஒரு தரவு வழியில் இரு கருவிகள் நேரடியாகப் பேச இயலா. அவ்வாறு பகிர வேண்டுமெனில் உள்ளே பொருத்தும் யூஎஸ்பி ஹப் தேவை. அது ஒரு வழியின் 480 மெகாபிட்டைத் தன்னோடு இணைந்த கருவிகளுக்கெல்லாம் பங்கிடும். புளூடூத், விளக்குக் கட்டுப்பாடு போன்றவற்றுக்கு இது போதும். மின்சாரத்தையும் கருத வேண்டும். 2.0 செருகுவாய் ஒன்று தருவது 500 மில்லிஆம்பியர். எனவே பல கருவிகளை ஏற்கும் ஹப்பாயின் மின்வழங்கியிலிருந்து தனிக்கம்பி பெறுவதைத் தேர்வது நன்று.

பொருத்தும்போது கை பதற்றம் கொள்ளலாகாது. பத்தொன்பது முட்கள் மெல்லியன. சற்றே சாய்த்து அழுத்தினாலும் வளைந்துவிடும். முகப்பு ஒலிக்கான உள்ளிணைப்பும் ஒன்பது முள் உடையதே, ஆயினும் அதில் முள் விடுபட்ட இடம் வேறு. பழைய பலகைகள் சிலவற்றில் ஃபயர்வயர் உள்ளிணைப்பு யூஎஸ்பியைப் போன்றே தோன்றும். அதில் 12 வோல்ட் வருவதால் மாற்றிப் பொருத்தினால் பென்டிரைவ் கருகிவிடும். பலகையில் அச்சிட்ட பெயரைப் படித்த பின்னரே கம்பியை எடுக்க வேண்டும்.

முகப்பு இயங்கிய மறுநாள் அம்மாணவரை அழைத்துவரச் செய்தேன். அவர் தடவிச் செருகினார். திரைவாசிப்பு மென்பொருள் பென்டிரைவின் பெயரைச் சொல்லிற்று. “கீழே இருக்கறதும் வேலை செய்யுதா ஐயா?” என்று கேட்டு, அதனையும் செருகிப் பார்த்துக்கொண்டார்.

கற்பவை கற்றபின்

உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் உள்ள கணினி ஒன்றின் தாய்ப்பலகைக் கையேட்டை ஆசிரியர் துணையுடன் இணையத்தில் தேடி எடுத்து, அதன் உள்ளிணைப்புகளை எண்ணுக. அட்டவணையில் தரப்பட்டுள்ள செருகுவாய் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என வகுப்பில் விளக்குக.

முகப்பில் 3.0 செருகுவாய்கள் இரண்டும் டைப்-சி ஒன்றும் உடைய பெட்டி, நீர்வழிக் குளிர்விப்பான், தனி வைஃபை அட்டை ஆகியவற்றை வாங்க எண்ணும் நண்பருக்கு, எவ்வகைத் தாய்ப்பலகை வேண்டும் எனக் கடிதம் எழுதுக.