வணிகத்தில் அநேகாந்த நோக்கு: சேலத்து ஜவ்வரிசி

ஒரு பொருளை ஒரே நயத்தால் கண்டு, ‘இஃது இவ்வளவே’ என முடிவு கட்டுதல் ஏகாந்தம் எனப்படும். இதனைத் தத்துவப் பாடமாகக் கற்று ஏட்டை மூடிவிடுகிறோம். கடைவீதியில் அது நம் நினைவுக்கு வருவதில்லை. சேலம், நாமக்கல் சமவெளியின் ஜவ்வரிசித் தொழிலைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

பெயரில் அரிசி இருப்பினும் ஜவ்வரிசி அரிசியன்று. மலாய் நாட்டில் சேகோப் பனையின் தண்டு மாவிலிருந்து செய்யப்பட்ட பண்டம் அது. இரண்டாம் உலகப் போரில் கடல்வழி அடைபட, சரக்கு வரவு நின்றது. 1943-ஆம் ஆண்டையொட்டி, தொழில் நிமித்தம் கேரளம் சென்றுவந்த சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பாரைச் சந்தித்தார். மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவெடுக்கும் முறையை ஷா அறிந்திருந்தார். அச்சந்திப்பே இத்தொழிலின் வித்து. கிழங்கும் நம் மண்ணில் தோன்றியதன்று. தென் அமெரிக்காவில் பிறந்து, திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா (1880–1885) அளித்த ஊக்கத்தால் ஏழை மக்களின் உணவாகப் பரவியது. பிறர் அவித்து உண்ணும் கிழங்காகக் கண்டதைச் செட்டியார் ஆலைச் சரக்காகவும் கண்டார்.

தொடக்கக் காலச் செய்முறை எளியது. தோல் சீவிய கிழங்கை அரைத்து, நீர்விட்டு வடித்து, மாவுப்பாலைத் தொட்டிகளில் தெளியவைப்பர். படிந்த மாவை உதிர்த்துச் சாக்குத் துணித் தொட்டிலிலிட்டு, குழந்தையை ஆட்டுவதுபோல் ஆட்டினால் முத்து முத்தாகத் திரளும். பின் சலித்து, வறுத்து, களத்து வெயிலில் உலர்த்துவர். வறுக்காமல் ஆவியில் வேகவைத்தால் அது ‘நைலான்’ ஜவ்வரிசி. எஞ்சும் திப்பி மாட்டுத் தீவனமாகும். இன்று தொட்டிலின் இடத்தில் இயந்திரம்.

இனி, வாங்குவோர் நோக்கு. நம் நாட்டில் இது பாயசத்துக்கும் வடாமுக்கும் உரியது. மகாராட்டிரத்திலோ ஏகாதசி, நவராத்திரி நாட்களில் தானியத்தை விலக்கியோர் இதனைக் கிச்சடியாகச் சமைத்து உண்கின்றனர். நமக்கு விருந்து, அவர்க்கு விரதம். கந்தமூலங்களை அனந்தகாயம் எனத் துறந்த நம் சிராவகர்க்கோ, கிழங்கின் மாவாகிய இஃது எந்நாளும் விலக்கு. (பெயரிலுள்ள ‘அரிசி’யை நம்பி நோன்பு இல்லங்களிலும் இது அறியாமல் நுழைந்துவிடுவதுண்டு, குடும்பத்தார் கவனிப்பாராக.) நெசவாலைக்கு இதே கிழங்கின் மாவு, பாவு நூலுக்கு இடும் கஞ்சி. சேலத்திலிருந்து ஏற்றியனுப்புபவர் இவற்றையெல்லாம் அறியாராயின், எந்த மாதத்தில் எவ்வூரில் தேவை பெருகும் என்பதையும் அறியார்.

விளைவிப்போர் நோக்கு வேறு. ஆலைகள் எடையைப் பார்ப்பதோடு, மாவுச்சத்தின் ‘பாயிண்ட்’ அளவையும் கண்டே கிழங்குக்கு விலை தருகின்றன. பல மாதங்கள் காத்திருந்து அறுவடை செய்யுங்கால், வரத்துப் பெருகி விலை சரிந்தால் உழவர் என் செய்வார்? முத்தில் மக்காச்சோள மாவைக் கலப்போர் இருப்பின், அவ்விலை இன்னும் சரியும். வாங்குவோர் வெண்மையை விரும்புகின்றனர் என்று இரசாயனத்தால் வெளுத்தலும் இவ்வட்டாரத்தில் நேர்ந்து, உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனையிட்டுச் சரக்கைப் பறிமுதல் செய்ததுமுண்டு. தத்துவார்த்த சூத்திரம், கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் போலிச் சரக்கு வணிகத்தையும் குறைத்தும் மிகுத்தும் அளத்தலையும் எண்ணியிருத்தல் நோக்கத்தக்கது. ஆலையின் கழிவுநீர் கிணற்றில் கசியும் அண்டை வீட்டாரின் நோக்கு, விலை பேசுமிடத்தில் ஒலிப்பதேயில்லை. அந்நீரிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலைகள் சில வந்திருப்பது நற்செய்தி.

உற்பத்தியாளர் தனித்தனியே இடைத்தரகரை நம்பியிருந்த நிலையில், 1981-இல் ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் அமைந்தது. சரக்கைக் கிடங்கில் வைத்து, மாதிரியை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, இரகசிய ஒப்பந்தப்புள்ளி முறையில் விற்பதற்கு அஃது இடமளித்தது. 2023-இல் ‘சேலம் ஜவ்வரிசி’ புவிசார் குறியீடும் பெற்றது. அயல்நாட்டில் விற்க இப்பெயர் துணை செய்யும். ஆனால் அப்பெயரால் கலப்படச் சரக்கு ஒருமுறை சென்றால், பழி ஊர் முழுமைக்கும் வரும்.

வெளுக்காத முத்து சற்றே மங்கலாகத்தான் இருக்கும். வாங்குபவரிடம் அதனைச் சொல்லியே விற்கலாம். புனாவில் நாள் முழுதும் நோன்பிருந்து மாலையில் ஒருவர் எடுத்துண்ணும் ஒரே உணவு அம்முத்து.