வீட்டுக் கடன் மனுவும் வேண்டிய பத்திரங்களும்

வீடு கட்டவோ பழுது பார்க்கவோ ஈட்டுக்கடன் கோரும் அங்கத்தினர்கள் பலர், மனுக் கொடுத்த பின்னரே பத்திரங்களைத் தேடத் தொடங்குகின்றனர். இம்முறையை நாம் மாற்றிக்கொள்ளல் வேண்டும். கடன் கொடுப்போர் அறிய விரும்புவன மூன்றே: வீடு மனுதாரருக்கு உரியதா? அதன்மேல் பிறர் பாத்தியதை உண்டா? தவணை செலுத்த அவருக்குச் சக்தி உண்டா?

1. உரிமை

தாய்ப்பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை சொத்து கைமாறிய வரலாறு இடையறாது தொடர்தல் வேண்டும். பட்டா வருவாய்த்துறையின் பதிவேயாகும். அது மட்டும் கொண்டு உரிமையை நிலைநாட்ட இயலாது.

நெசவாளர் வீடுகள் பல இன்னும் தந்தை பெயரிலேயே உள்ளன. சகோதரர்கள் வாய்மொழியாகப் பாகம் பிரித்துத் தறி போட்டு வாழ்ந்து வருவர். மணமாகிச் சென்ற சகோதரிகளைக் கேட்பதில்லை. ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாது இறந்த தந்தையின் சுயார்ஜிதச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு உண்டு. மனைவிக்கும் தாய்க்கும் அவ்வாறே. ஆகவே வாரிசுச் சான்று பெற்று, அனைவரும் கையொப்பமிட்ட பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ எழுதிப் பதிவு செய்தல் அவசியம். சகோதரியின் கையொப்பத்தை வெறும் சடங்காக எண்ணலாகாது. அவர் விட்டுக்கொடுப்பது தம் சொந்தப் பங்கையே. அதனை அவருக்குத் தெளிவாக எடுத்துரைத்து, மனமுவந்த சம்மதம் பெறுவதே முறை.

2. வில்லங்கம்

சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெறலாம். முப்பது ஆண்டுகளுக்கு அதனைக் கேட்பது பெருவழக்கு. அது பதிவான நடவடிக்கைகளை மட்டுமே காட்டும். பதிவாகாத உயிலையோ வரிப் பாக்கியையோ காட்டாது. பழைய அடமானக் கடனைத் தீர்த்தும் ரசீதைப் பதியாது விட்டவர்க்கு, அக்கடன் தீராதது போலவே சான்றில் தோன்றும்.

3. வருமானம்

நெசவாளர் சங்கத்தின் கூலிக் கணக்கையும் வங்கிப் புத்தகத்தையும், விவசாயி அடங்கலையும் விளைபொருள் விற்ற ரசீதுகளையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்தல் நன்று. வீட்டு வரி ரசீது, அங்கீகாரம் பெற்ற கட்டட வரைபடம், செலவு மதிப்பீடு ஆகியனவும் உடன் வேண்டும்.

இறுதியாக, பெயர், தலைப்பெழுத்து, சர்வே எண், பரப்பளவு, நான்கெல்லை ஆகியன எல்லாப் பத்திரங்களிலும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்க. வேறுபாடு இருப்பின் மனுவுக்கு முன்னரே திருத்திக்கொள்க. அசல் பத்திரங்களை ஒப்படைக்கும்போது, ஒவ்வொன்றையும் குறித்த பட்டியலுடன் ரசீது பெறுக. கடன் தீர்ந்த நாளில் அப்பட்டியலே நமக்குச் சாட்சி.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் வீட்டுப் பத்திரம் இன்று யார் பெயரில் உள்ளது?
2. வில்லங்கச் சான்று எவற்றைக் காட்டாது?
3. வாய்மொழிப் பாகப்பிரிவினையால் கடன் பெறுவதில் நேரும் இடையூறு யாது?