மூட்டுவலித் தைலமும் ‘நானோ’ என்னும் நுண்துகளும்



ஈப்போவிலும் சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் நம் கடைகளுக்கு வரும் முதியோரில் பலர், ஒரு காலத்தில் பால்மரம் வெட்டியும் காண்டா வாளி சுமந்தும் உழைத்தவர்கள். அந்தத் தோட்டங்களில் பல இன்று செம்பனையாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவிட்டன. அவர்களுடைய முழங்கால் வலி மட்டும் மாறவில்லை. இப்போது அவர்கள் ‘நானோ’ மஞ்சள் தைலம் உண்டா என்று கேட்கின்றனர். ஆகவே, விற்கும் நாம் அதன் விவரத்தை அறிந்திருப்பது அவசியம்.

தோலின் மேற்பரப்பில் உயிரற்ற செல்கள் செங்கல் அடுக்கியது போலவும், இடையில் கொழுப்பு சாந்து பூசியது போலவும் அமைந்திருக்கின்றன. காகிதத்தை விட மெல்லியதாயினும் இது வலிய மதில். நாம் ஊருக்குப் போகும்போது பெட்டியில் எடுத்துச் செல்லும் கோடாலித் தைலத்திலுள்ள மெந்தால், கற்பூரம், மெத்தில் சாலிசிலேட் ஆகியவை மிகச் சிறிய மூலக்கூறுகள். கொழுப்பில் கரையும் தன்மையால் அவை இம்மதிலைக் கடந்துவிடும். மஞ்சளின் சத்தாகிய குர்க்குமினோ நீரில் கரையாது, வெளிச்சத்தில் கெடும், தோலில் பெரும்பாலும் மஞ்சள் கறையாகவே நின்றுவிடும்.

இக்குறையைப் போக்கவே நுண்துகள் முறை வந்தது. 1 மீட்டரை 100 கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு 1 நானோமீட்டர். முட்டையிலும் சோயாவிலும் உள்ள ஒருவகைக் கொழுப்பை நீரில் கலந்தால் நுண்ணிய பைகள் உண்டாவதை, 1960-களில் இங்கிலாந்தில் அலெக் பாங்ஹம் கண்டறிந்தார். இவற்றிற்கு லிப்போசோம் என்று பெயர். மஞ்சள், குந்திரிக்கம், இஞ்சி, மிளகாய் முதலியவற்றின் சத்தை இத்தகைய பைகளில் அடைத்துத் தோலில் தடவினால், பை தோலின் கொழுப்போடு கலந்து சத்தை உள்ளே விடும் என்பது கருத்து.

எலிகளின் மூட்டு வீக்கம் இதனால் தணிந்ததாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. மனிதரிடம் நடந்த சோதனைகளோ குறைவு, அவையும் சிறியவை. மேலும், தோலைக் கடந்ததெல்லாம் மூட்டைச் சேர்வதில்லை. வழியிலேயே இரத்தம் அதை அள்ளிச் செல்லும். தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்ப்பதாக எந்தத் தைலமும் நிரூபிக்கப்படவில்லை.

நானோ இல்லாமலே பயன் கண்ட தாவரச் சத்தும் உண்டு. மிளகாயின் காப்சேசின் 0.025 சதவீதம் கலந்த களிம்பை முழங்கால் தேய்மான வலிக்கு மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். அது வலியுணர்த்தும் நரம்பை மெல்ல மழுங்கச் செய்கிறது. அந்த நரம்பு வாயிலை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசு பெற்றார். இதைத் தடவிய கையால் கண்ணைத் தொடலாகாது.

இனி நம் கடமைகள்:

1. மருந்தென விற்கும் தைலத்தில் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 1984-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு கட்டாயம்.

2. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்பவருக்கு, மருத்துவரைக் கேளாமல் மெத்தில் சாலிசிலேட் உள்ள தைலம் கொடுக்காதீர்கள். இரத்தக் கசிவு நேரலாம்.

3. ‘நாட்டு மருந்து’ என்று வரும் பதிவில்லா மூட்டுவலி மாத்திரைகளைத் தொடாதீர்கள். அவற்றில் டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்துள்ளனர்.

4. மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் கண்டால், தைலம் விற்காமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

வலியோடு வருபவர் நம் சொல்லை நம்பிக் காசு கொடுக்கிறார். அந்த நம்பிக்கை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். “வலி சற்றுத் தணியலாம், தேய்மானம் தீராது” என்று உள்ளதைச் சொல்லி விற்போமாக!